மதுரையில் முதல் பந்தி

பினாங்குக்குத் திரும்பி வந்ததும் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "மதுரைக்குப் போனாயே, நன்றாகச் சாப்பிட்டாயா?" மீனாட்சியைத் தரிசித்தாயா என்று கேட்டவர்கள் இரண்டு பேர். மாநாட்டில் என்ன பேசினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆகையால் சாப்பாட்டைப் பற்றியே எழுதுகிறேன். மாநாட்டுச் சமாசாரமும் அதற்குள்ளேயே கலந்து கிடக்கிறது. தனியே பிரித்தெடுக்க என்னால் ஆகாது.

நான் பினாங்கில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். மதுரையில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் மூன்று நாள் மாநாடு கூட்டியபோது கடல் கடந்த பள்ளிகளுக்கும் அழைப்பு வந்தது. எங்கள் பள்ளியின் ஆண் ஆசிரியர்கள் இருவருக்கும் கப்பல் என்றாலே குமட்டும். அதனால் நான் புறப்பட்டேன். புறப்படும்போது ஒரு தீர்மானத்தையும் எழுதி எடுத்துக்கொண்டேன். பிரசவத்துக்காக விடுப்பில் போகிற ஆசிரியை திரும்பி வரும்போது, அவள் வேலை அவளுக்கே இருக்க வேண்டும். அவ்வளவுதான் தீர்மானம். என் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது என் நாற்காலியில் வேறொருவரை உட்கார வைத்துவிட்டார்கள். அதைத் திரும்ப வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வழியனுப்ப வந்த என் வீட்டுக்காரர், "மதுரையில் வயிறு நிறையச் சாப்பிடு, யாரோடும் சண்டைக்குப் போகாதே" என்றார். முதல் பாதியைக் காப்பாற்றுவதற்காக இரண்டாவது பாதியை மீற வேண்டியதாயிற்று.

முதல் நாள் காலையில் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ஜட்கா பிடித்தேன். வண்டிக்காரர் மைதீன், நரைத்த தாடிக்காரர், நிதானமானவர். அவருடைய குதிரை அவரைவிட நிதானம். எனக்கு அகோரப் பசி. வழியில் ஒரு காப்பி கிளப்பிலிருந்து நெய் தோசை வாசனை தெருவுக்கே வந்து கையைப் பிடித்து இழுத்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் படியில் கால் வைத்தேன். கல்லாவில் இருந்தவர் பதறிக்கொண்டு எழுந்தார்.

"பொம்பளைகள உள்ள விடுறதில்லம்மா. வண்டியிலயே இருங்க, பொட்டலமாக் கட்டித் தரச் சொல்றேன்."

"உள்ளே என்ன, புலியா இருக்கிறது?" என்று கேட்டேன்.

"ஆம்பளைக சாப்பிடுறாகம்மா."

"சாப்பிடட்டும். என்னையா சாப்பிடப் போகிறார்கள்?"

அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இப்படி ஒரு கேள்வியை அவர் தொழிலில் கேட்டதே இல்லை போலும். மைதீன் வண்டியை விட்டு இறங்கி, சந்துப் பக்கம் இருந்த சன்னலுக்குப் போய்ப் பொட்டலத்தை வாங்கி வந்தார்.

"எனக்கும் உங்களுக்கும் ஒரே சன்னல்தான் டீச்சரம்மா" என்றார். "எனக்குப் பழகிப்போச்சு."

தோசை பிரமாதம் என்பதை மறைக்க மாட்டேன். குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டே இரண்டையும் தின்று தீர்த்தேன். காப்பி மட்டும் கிடைக்கவில்லை. அந்தச் சன்னலைத் தாண்டி டம்ளர் வெளியே வராதாம். பினாங்கில் சீனப் பெண்கள் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தெருக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சேமியா மாதிரி இருக்கும் மீயைச் சுடச்சுடச் சாப்பிடுவார்கள். பக்கத்தில் இருப்பவன் ஆணா பெண்ணா என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நானும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள்தான். என் தாய் பிறந்த ஊரில் வந்து, பசியோடு, ஒரு வாசல்படியில் நிறுத்தப்பட்டது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மாநாட்டுப் பந்தல் வைகைக்கு வடகரையில். அதற்குப் பக்கத்திலேயே சாப்பாட்டுப் பந்தல். பெண் பிரதிநிதிகள் எட்டுப் பேருக்கும் தங்குவதற்கு ஆற்றுக்குத் தென்பக்கம், வடக்கு மாசி வீதியில், காரியதரிசியின் வீட்டு மாடியைக் கொடுத்திருந்தார்கள். காரியதரிசி ஒரு கணக்கு வாத்தியார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ராப்பகலாக மாநாட்டுக்கு ஓடியாடித் தொண்டை கட்டிப்போயிருந்தது அவருக்கு. அந்தக் கட்டின தொண்டையோடு அன்று காலை மேடையில் சொன்னார்.

"சென்ற ஆண்டு வரை நாம் சாதிக்கு ஒரு பந்தியாகப் பிரிந்து சாப்பிட்டோம். இந்த ஆண்டு அந்த வெட்கக்கேட்டை ஒழித்துவிட்டோம். ஒரே பந்தல், ஒரே பந்தி. யாருக்குப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்."

பந்தலே கைதட்டியது. எல்லோரையும்விட அதிகமாகத் தட்டியவள் நான். அந்தச் சன்னல் வழித் தோசை இன்னும் என் நெஞ்சில் நின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டுப் பந்தலின் வாசலில் சிவப்பு எழுத்தில் "சமபந்தி போஜனம்" என்று துணி கட்டியிருந்தார்கள். பகல் மணி அடித்ததும் அதைப் பார்த்துக்கொண்டே சந்தோஷமாக நடந்தேன். வாசலில் நின்ற தொண்டர் மிகுந்த மரியாதையோடு கையைக் குறுக்கே நீட்டினார்.

"பெண் பிரதிநிதிகளுக்குக் காரியதரிசி வீட்டில் ஏற்பாடு செய்திருக்கிறதம்மா. ஜட்கா தயாராக நிற்கிறது."

சரி, வீட்டுச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு போனேன். போன பிறகுதான் ஏற்பாடு என்னவென்று புரிந்தது. ஆண்கள் முதல் பந்தி சாப்பிட வேண்டும். பிறகு இரண்டாம் பந்தி. பிறகு மிச்சம் இருப்பதை அண்டாக்களில் ஊற்றி, மாட்டு வண்டியில் ஏற்றி, பாலம் தாண்டி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அது வந்து இறங்கி எங்களுக்கு இலை போடும்போது மணி மூன்றை நெருங்கிவிட்டது. சாம்பாரில் பூசணிக்காய் கரைந்து காணாமல் போயிருந்தது. அப்பளம் தூளாக வந்தது. பாயசம் என்று ஒரு பாத்திரம் வந்தது. அடியில் இரண்டு திராட்சை ஒட்டிக்கொண்டிருந்தன. எங்களுக்குப் பரிமாறிவிட்டு, அதற்கும் பிறகு சாப்பிட உட்கார்ந்தார் காரியதரிசியின் மனைவி கோமதியம்மாள்.

"நீங்கள் எப்போதும் இந்த நேரத்துக்குத்தான் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டேன்.

"மாநாடுன்னாலதான் இம்புட்டுச் சீக்கிரம்" என்றார் அவர். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

நாங்கள் பந்தலுக்குத் திரும்பியபோது பிற்பகல் கூட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. இரண்டரைக்குத் தொடங்கும் கூட்டத்துக்கு மூன்று மணிக்குச் சாப்பிடுகிறவள் எப்படி வருவாள்? காரியதரிசியிடம் கேட்டேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "நாளைக்குச் சீக்கிரம் அனுப்பச் சொல்கிறேன் அம்மா. உங்கள் தீர்மானம் நாளைக்குக் கடைசியாகத்தான் வருகிறது, கவலைப்படாதீர்கள்" என்றார்.

அந்தத் தீர்மானத்தை வழிமொழிய ஒப்புக்கொண்டவள் திருமங்கலத்திலிருந்து வந்திருந்த செல்லத்தாய். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஒன்றாம் வகுப்பு டீச்சர். மேடையில் பேசுவதென்றால் கை நடுங்கும் என்றாள். ஆனாலும் ஏனோ, என் காகிதத்தை வாங்கிப் படித்த உடனேயே, "நான் நிக்கிறேன்க்கா" என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாம் நாளும் சாப்பாட்டு வண்டி வந்தபாடில்லை. பாலத்தில் வைக்கோல் வண்டி ஒன்று அச்சு முறிந்து படுத்துவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். இரண்டு மணிக்கு நான் பொறுமை இழந்தேன். சாப்பாடு கிடக்கட்டும் என்று செல்லத்தாயை இழுத்துக்கொண்டு மைதீனின் ஜட்காவில் ஏறினேன். பாலத்தின் முகப்புக்குப் போனதும் குதிரை நின்றுவிட்டது. முன்னால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறித்துக் கிடந்தன. மைதீன் தட்டிக்கொடுத்தார், கெஞ்சினார், அதட்டினார். குதிரை காதை மட்டும் அசைத்தது.

"இனி இது நகராது டீச்சரம்மா. ஆத்துல இறங்கி நடந்திருங்க. தண்ணி இல்ல, மணலுதான்."

கத்திரி வெயிலில் வைகை மணலில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். செருப்புக்கு மேலே ஏறி வந்து சுட்டது மணல். பாதி ஆற்றில் செல்லத்தாய் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. மணலில் ஊற்றுத் தோண்டித் துணி வெளுக்கிற ஒருவரிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கொடுத்து, மெல்ல நடத்திக் கரையேற்றினேன். பந்தலுக்குள் நுழையும்போது மேடையில் யாரோ கட்டிட நிதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

எங்கள் தீர்மானம் முடிந்துபோயிருந்தது. நிகழ்ச்சி நிரலை மாற்றி அதை முதலில் எடுத்துவிட்டார்களாம். "முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அவையில் இல்லை" என்று சொல்லி அக்கிராசனர் அடுத்ததற்குப் போய்விட்டாராம். எங்களுக்கு இதைச் சொன்ன ஒரு இளம் வாத்தியார், "நீங்கள் சாப்பிடப் போயிருப்பதாகச் சொன்னார்கள்" என்றும் சேர்த்துச் சொன்னார். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. சாப்பிடாமல் வந்தவளைப் பார்த்து, சாப்பிடப் போனதால் தீர்மானத்தைக் கோட்டைவிட்டாள் என்கிறார்கள்.

பாலத்தில் வண்டிகள் கலைந்து வந்து சேர்ந்த மைதீன் எங்கள் இருவரையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வண்டியைச் சிம்மக்கல் பக்கம் திருப்பினார். காய்கறி மொத்தக் கடைகளுக்குப் பின்னால், ஓலைச் சார்ப்பு ஒன்றின் முன் நிறுத்தினார்.

"இங்க யாரும் உங்கள வெளிய நிறுத்த மாட்டாக. மூக்காயி கடை. எல்லாரும் திங்கிற எடம்."

அந்தக் கடையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாலும் தகும். மூக்காயி காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் சாயங்காலம்தான் அணைப்பாளாம். துணியில் வார்த்த இட்லியைத் தண்ணீர் தெளித்து உரித்து, ஆவி பறக்க இலையில் போட்டாள். மேலே நல்லெண்ணெய், மிளகாய்ப் பொடி, பக்கத்தில் அம்மியில் அரைத்த வெங்காயச் சட்னி. கூடைக்காரப் பெண்களும் மூட்டை தூக்குகிறவர்களும் ஒரே மரப்பலகையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கூடைக்காரி ஒருத்தி நகர்ந்து எங்களுக்கு இடம் கொடுத்தாள். நாற்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் சாப்பிட இந்த ஊரில் கூடைக்காரிக்கு உரிமை இருக்கிறது. படித்து வாத்தியாராகிவிட்டால் அது போய்விடுகிறது. படிப்பு நமக்குக் கொடுத்ததையே எப்போதும் பேசுகிறோம். பறித்துக்கொண்டதை யாரும் சொல்வதில்லை.

செல்லத்தாய் பசியோடு சாப்பிட்டாள். மூக்காயி கேட்காமலே வைத்துக்கொண்டே போனாள். கடைசியில், "எத்தன மாசம் தாயி?" என்றாள்.

செல்லத்தாயின் கை இலையிலேயே நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆறு" என்றாள்.

சேலையை இழுத்து இழுத்துப் போர்த்தியபடி அவள் ஏன் திரிந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிரசவம் புரட்டாசியில். தெரிந்த மறுநாளே பள்ளி மானேஜர் வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்றாள். புருஷனுக்குப் பருத்தி மண்டியில் வேலை, அதுவும் பருத்தி வருகிற மாதங்களில்தான். "அதான்க்கா நான் நிக்கிறேன்னு சொன்னேன். பேசுறதுக்குப் பயமாத்தான் இருக்கு. பேசாம இருக்க அதவிடப் பயமா இருக்கு."

ஆறு மாதக் கர்ப்பிணியைப் பட்டினி போட்டு, வெயிலில் ஆற்று மணலில் நடத்தி வந்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு இட்லி இறங்கவில்லை.

அப்போது ஒரு மண்டிக் கணக்குப்பிள்ளை வந்தார். சரிகைக் கரை வேட்டி, காதில் பென்சில். நான் உட்கார்ந்திருந்த இடம் தினமும் அவர் உட்காருகிற இடமாம்.

"மூக்காயி, அந்தம்மாவக் கொஞ்சம் எந்திரிக்கச் சொல்லு. எனக்கு அவசரமாப் போகணும்."

மூக்காயி அடுப்பைவிட்டுத் திரும்பாமலே பதில் சொன்னாள். "இல போட்டு இட்லி வச்சாச்சு அண்ணே. தின்னு முடிச்சு அவுகளா எந்திரிப்பாக. இலையில உக்காந்தவுகள எழுப்புனா அப்புறம் என் அடுப்பு எரியுமா?"

கணக்குப்பிள்ளை தூணில் சாய்ந்துகொண்டு காத்து நின்றார். அவருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும், என் தாய் சொல்லிக் கேட்டதுதான். தமிழ்நாட்டில் எந்தப் பொல்லாதவனும், பகையாளியே ஆனாலும், இலையில் கை வைத்தவனை எழுந்திரு என்று சொல்ல மாட்டான். வாசலில் மறிப்பார்கள், படியில் மறிப்பார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் தீர்ந்தது. நான் ரொம்ப நிதானமாக இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இப்போது அது இறங்கியது.

அன்று மாலையே அக்கிராசனரைப் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கடிகாரத்துக்கும் விதிக்கும் அடங்கியவர். எழுத்தில் கொடுத்தால் தீர்மானத்தை மறுபடி எடுக்க விதி இருக்கிறது என்றார். "நாளைப் பிற்பகல் முதல் விஷயம். இரண்டரை மணி. அப்போது நீங்கள் அவையில் இருக்க வேண்டும். நான் யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன்."

"இருப்போம்" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் மாடியில் மற்றப் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். எங்களுக்கு அன்று பந்தியும் படையும் ஒரே இடத்தில்தான். ஒருத்தி, ஊரில் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்றாள். இன்னொருத்தி, சொல்கிறவர்கள் வந்து சோறு போடுவார்களா என்று அவள் வாயை அடைத்தாள். காப்பி கொண்டுவந்த கோமதியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். புருஷனிடம் சொல்லிவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இன்னைக்கும் பாயசம் உண்டுமா? மூணு நாளாப் பாயசம் பாயசம்ங்கிறாக, நான் கண்ணால பாக்கல."

பகல் மணி அடித்தது. ஜட்கா பக்கம் போகாமல் எட்டுப் பேரும் சாப்பாட்டுப் பந்தலுக்கு நடந்தோம். தொண்டர் கையை நீட்டுவதற்குள் நான் மேலே இருந்த துணியைக் காட்டினேன். அவர் தலையை உயர்த்தி, தாமே எழுதிய எழுத்தைப் புதிதாகப் படிப்பவர் மாதிரி படித்தார். அதற்குள் உள்ளே போய்விட்டோம். இலைகள் போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைத்திருந்தது. நடுவரிசையில் உட்கார்ந்தோம். முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

சாதம் கொண்டுவந்த தவசிப்பிள்ளை எங்களைக் கண்டு ஒரு கணம் நின்றார். மூன்று நாளாக அத்தனை பேருக்கும் சமைத்த கை. கரண்டியைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், பிறகு என் இலையில் சாதத்தை வைத்தார். அடுத்த இலை, அதற்கடுத்த இலை. பருப்பு வந்தது, நெய் வந்தது.

பந்தலுக்கு வெளியே ஆண்கள் கூடிவிட்டார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. பெண்களோடு ஒரே பந்தியில் உட்காருவதா என்று அவர்களுக்குள் ஒரு சிறு மாநாடு நடந்தது. நான்கு இளம் வாத்தியார்கள் மட்டும், "பசிக்குதுப்பா, வாங்கடா" என்று வந்து எதிர்வரிசையில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் காரியதரிசியைத் தேடிப் பிடித்து உள்ளே அனுப்பினார்கள்.

அவர் என் இலைக்கு எதிரே வந்து கையைப் பிசைந்தார். "அம்மா, தங்களுக்கு வீட்டில்தானே ஏற்பாடு. இது ஆண்கள் பந்தி."

"சமபந்தி என்றல்லவா எழுதியிருக்கிறது?" என்றேன். "மேடையில் நீங்கள் சொன்னபோது நான்தான் அதிகமாகக் கைதட்டினேன்."

"அது வேறு விஷயம் அம்மா." அவர் தவசிப்பிள்ளையிடம் திரும்பினார். "நீர் சொல்லக் கூடாதா? யாரைக் கேட்டுப் பரிமாறினீர்?"

"இலையில ஆள் உக்காந்தா பரிமாறுறது என் தொழில்" என்றார் தவசிப்பிள்ளை. "சோறு வச்சாச்சு. இனி எந்திரிக்கச் சொல்றதுன்னா அத நீங்க சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு."

காரியதரிசி வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் பந்தல் வாசலில் மைதீனின் ஜட்கா வந்து நின்றது. கோமதியம்மாள் இறங்கினார். பட்டுச் சேலை கட்டியிருந்தார். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. நேராக உள்ளே வந்தவர், புருஷனைத் தாண்டி, செல்லத்தாய்க்குப் பக்கத்தில் இருந்த காலி இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"கோமதி" என்றார் காரியதரிசி. கட்டின தொண்டையில் அது பாதிதான் வெளியே வந்தது.

"இலையில உக்காந்துட்டேங்க" என்றார் கோமதியம்மாள். பிறகு தவசிப்பிள்ளையைப் பார்த்து, "சோறு போடுங்க. பாயசத்த மறந்துராதீக" என்றார்.

காரியதரிசி வெளியே போய்விட்டார். நாங்கள் சாப்பிட்டோம். என்னவென்று சொல்வேன் அந்தச் சாப்பாட்டை. பூசணிக்காய் பூசணிக்காயாகவே இருந்தது. அப்பளம் முழு வட்டமாக வந்து இலையில் உட்கார்ந்தது. வாழைக்காய்ப் பொரியலில் தேங்காய் மணத்தது. பாயசம் சுடச்சுட, முந்திரியும் திராட்சையுமாக. கோமதியம்மாள் மூன்று தடவை வாங்கினார். மோர்ச்சோறு வரை ஒன்றையும் விடவில்லை, ஒருத்தியும் அவசரப்படவும் இல்லை.

நாங்கள் எழுந்த பிறகுதான் ஆண்களின் பந்தி தொடங்கியது. ஒரு பந்தி நேரம் முழுவதும் வெளியே நின்றே கழித்துவிட்டார்கள். அதனால் இரண்டாம் பந்திக்காரர்களுக்குச் சாம்பார் ஊற்றும்போது பக்கத்துப் பந்தலில் இரண்டரை மணிக்கான மணி அடித்தது.

அக்கிராசனர் மேடையில் ஏறிக் கடிகாரத்தைப் பார்த்தார். எதிரே நாங்கள் ஒன்பது பெண்கள், அந்த நான்கு இளைஞர்கள், முதலில் சாப்பிட்டு வந்த சிலர். "முதல் தீர்மானம். முன்மொழிபவர் இருக்கிறாரா?"

எழுந்தேன். எனக்குப் பின்னால் யாரோ, "இப்பவே கையத் தூக்கி முடிச்சிருங்கக்கா" என்று கிசுகிசுத்தார்கள். உண்மைதான். அந்த நிமிஷத்தில் கேட்டிருந்தால் எதிர்க்க ஆளில்லை. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அப்படிக் கிடைத்த தீர்மானத்தை எந்த மானேஜர் மதிப்பான்? ஆள் இல்லாத நேரம் பார்த்து வாங்கியது என்று சொல்ல மாட்டானா?

"ஐயா, நேற்று மணி அடித்தபோது எங்களுக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை" என்றேன். "இன்று நாங்கள் காத்திருக்கிறோம். அவர்கள் மோர்ச்சோறு வரை சாப்பிட்டு வரட்டும். எனக்கு எதிராகக் கை தூக்குகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு தூக்கட்டும்."

அக்கிராசனர் முதன்முறையாகக் கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

வந்தார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, வரிசை வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். நான் தீர்மானத்தைப் படித்து என் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். பிறகு செல்லத்தாய் மேடையேறினாள். எழுதி வைத்த காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிவிட்டு, போர்த்தியிருந்த முந்தானையை விலக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு இது ஆறாம் மாசம். புரட்டாசியில பிரசவம். கார்த்திகையில நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போவேன். போறப்ப என் நாற்காலி அங்க இருக்கணும். நேத்து நாங்க சாப்பிடப் போனதாச் சொன்னீகளாம். நான் நேத்துச் சாப்பிடல. இன்னைக்குச் சாப்பிட்டேன், அதான் பேச முடியுது. இம்புட்டுத்தான்."

ஆதரிப்பவர்கள் கை உயர்த்தலாம் என்றார் அக்கிராசனர். அந்த நான்கு இளைஞர்களின் கைகள் உடனே எழுந்தன. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேடை ஓரத்தில் நின்றிருந்த காரியதரிசி, பந்தல்கால் அருகே நின்ற தம் மனைவியைப் பார்த்தார். கோமதியம்மாள் ஒன்றும் செய்யவில்லை. காரியதரிசி மெல்லக் கையைத் தூக்கினார். அதன்பிறகு கைகள் எழும் சத்தம் எனக்குக் கேட்டது. எதிர்த்தும் சிலர் தூக்கினார்கள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. தீர்மானம் நிறைவேறியது. செல்லத்தாய் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன்.

மறுநாள் பத்திரிகையில் தீர்மானத்துக்கு ஒரு வரி. பந்தியில் பெண்கள் முதலில் உட்கார்ந்ததற்கு அரைப் பத்தி. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் மைதீன் அந்தப் பத்திரிகையை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "இனி அந்தக் காப்பி கிளப் படியிலயும் ஒருநாள் உக்காந்திருங்க" என்றார். "நானும் வாரேன்."

பிறகு கார்த்திகை கழிந்து செல்லத்தாயின் கடிதம் பினாங்குக்கு வந்தது. பெண் குழந்தை. நாற்காலி அவளுக்கே திரும்பக் கிடைத்துவிட்டது. மானேஜர் தீர்மானத்தைப் படித்தாரோ என்னவோ. இடையில் வந்த வாத்தியார் ஒன்றாம் வகுப்பின் இரைச்சல் தாங்காமல் ஒரே மாதத்தில் ஓடிப்போனாராம். எப்படியோ, அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மதுரையில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று கேட்கிறவர்களுக்கு இதோ சொல்கிறேன். இட்லிக்கு மூக்காயி கடை. மைதீனைக் கேட்டால் வழி காட்டுவார். தோசைக்கு அந்தக் காப்பி கிளப், சன்னல் வழியாகச் சாப்பிட உங்களுக்கு மனம் ஒப்புமானால். மாநாட்டுக்குப் போகிற பெண்ணாக இருந்தால், மணி அடித்ததும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். போய் இலைக்கு முன்னால் உட்காருங்கள். உட்கார்ந்தவளை எழுப்புகிறவன் மதுரையில் இன்னும் பிறக்கவில்லை.